முதல் தாளோடு நின்றுபோன பட்டியல்

பகல் பன்னிரண்டு பதினேழுக்கு, பிள்ளைகள் போயிருந்த கோத்தா திங்கி முகாமிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நீண்ட மேசை, தட்டுத் தட்டாகக் குச்சியில் சுட்ட சாத்தே இறைச்சி, நடுவில் கிண்ணம் கிண்ணமாக நிலக்கடலைக் குழம்பு. ஓரத்தில் சிரித்தபடி என் மகள். போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் கடலை மிட்டாயை ஒரு கடி கடித்ததற்கே அவளுக்கு மூச்சுத் திணற, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பிள்ளைகளின் பட்டியல்தான் முகாமுக்குப் போயிருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். அதைத் தயாரித்தவனும் நானே. எக்செல் கோப்பில் மூன்று தாள்கள்: பெயர்கள், பேருந்து, யாருக்கு எது ஒவ்வாது. முகாமில் சமைக்கும் அக்காவின் பழைய கைப்பேசியில் அது திறக்கவில்லை. "வெறும் எழுத்தா அனுப்புங்கண்ணே, போதும்" என்றார். நகலெடுத்து ஒட்டியிருக்கலாம். நானோ இணையத்தில் இரண்டு வாரம் பாடம் படித்த மேதை. கணினியில் கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, கோப்பை எழுத்தாக மாற்ற ஒரே ஒரு வரியைத் தட்டினேன். கண் இமைப்பதற்குள் எழுத்துக் கோப்பு தயார். மனைவியைக் கூப்பிட்டு வேறு காட்டினேன். கோப்பைத் திறந்து பார்க்க மட்டும் தோன்றவில்லை.

இப்போது திறந்தேன். நாற்பது பெயர்கள். அவ்வளவுதான். அந்தக் கட்டளை முதல் தாளை மட்டும்தான் எழுதுமாம். மற்றவற்றைத் தனித்தனியாகக் கேட்க வேண்டுமாம். நான் கேட்கவில்லை, அது கொடுக்கவில்லை.

படம் அனுப்பியவர் போனை எடுக்கவில்லை. அக்காவும் எடுக்கவில்லை. மகளுக்குத் தன் உடம்பு தெரியும்தான். ஆனால் பதின்மூன்று வயது, சுற்றிலும் தோழிகள். ஜொகூர் பாருவிலிருந்து காரை விரட்டினேன். மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டேன், மூன்றாவது தாள் உண்மையிலேயே இருக்கிறது என்று நிரூபிக்க. யாரிடம் நிரூபிக்கப் போகிறேன் என்று வழியெல்லாம் யோசிக்கவே இல்லை.

மகளுக்கு நிலக்கடலை ஆகாது என்று கத்திக்கொண்டே ஓடிய என்னைச் சமையலறை வாசலில் அக்கா மறித்தார்.

"என்னண்ணே, இப்ப வந்து கச்சான் ஆவாதுங்கிறீங்க! லிஸ்ட்ல ஒரு வார்த்த இல்லயே? பேரு மட்டும்தானே இருந்துச்சு!"

"என் தப்புதான்க்கா. புள்ள எங்க?"

"சாப்ட்டு எந்திரிச்சிருச்சே..."

அப்போது குழாயடியிலிருந்து கையை உதறிக்கொண்டு மகள் வந்தாள். அவள் முகத்தைப் பிடித்து உதட்டையும் கண்ணையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

"அலமாக், ஐயோ, விடுங்கப்பா, எல்லாரும் பாக்குறாங்க! அந்தக் குழம்ப நான் தொடுவேனா? வெறும் வெள்ளரிக்காதான் தின்னேன். பசிக்குது, கார்ல ஏதாச்சும் இருக்கா?"