வாசனை வராத பட்டு

பட்டுப்புடவை விற்பது என்றால் வேறொன்றுமில்லை, 'இது வேண்டாம்' என்று சொல்லப்போகிறவர்களுக்கு எதிரே சிரித்த முகத்தோடு புடவையைப் பிரித்துக்கொண்டே இருப்பதுதான். துணிக்கடையோ, மருந்துக்கடையோ, டிக்கெட் கவுன்ட்டரோ, ஜனங்களுக்கு எதிரே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற யாருக்கும் நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. கொரோனா காலத்தில் நீங்களும் என்னோடு சேர்ந்து பல்லைக் கடித்தவர்கள்தானே!

நான் வேலை பார்ப்பது காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில், கல்யாணப் புடவைப் பிரிவில். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வாங்குகிறவர்கள், நடுவில் புடவை. எனக்குப் பக்கத்து இடம் மல்லிகா அக்காவுடையது. அவருக்குச் சர்க்கரையும் உண்டு, ஆஸ்துமா இழுப்பும் உண்டு. கொஞ்ச நாள் வேலைக்கே போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புருஷன் இல்லை, ஒரே மகள் நர்சிங் படிக்கிறாள். வீட்டில் உட்கார்ந்தால் யார் சோறு போடுவது? ஊரடங்கு தளர்ந்து கடை திறந்ததும், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். இந்தக் காலம் முடிகிறவரை அக்காவை எப்படியாவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் மாடியில் எல்லோருக்கும் நினைப்பு. எல்லோரும் என்றால், சம்பளத்துக்கு இருந்தவர்கள்.

வாசலில் ஒரு துப்பாக்கி

வாட்ச்மேன் கையில் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியைக் கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள். மனுஷன் ரொம்ப நேர்மை. முகூர்த்தப் புடவை எடுக்க வேனில் வந்து இறங்கிய கூட்டத்தில், மாப்பிள்ளையின் சித்தப்பா நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் காய்ச்சல் காட்டுது சார், நீங்க மட்டும் வேன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்கு மரியாதை இல்லாத இடத்தில் நமக்கென்ன வேலை என்று மொத்தக் கூட்டமும் சித்தப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு எதிர்க்கடைக்குள் போய்விட்டது.

எங்கள் முதலாளி கத்துகிற ரகம் இல்லை. வாட்ச்மேனைத் தனியாக அழைத்து, குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னார்: "ஜாஸ்தியா காட்டுச்சுன்னா இன்னொரு வாட்டி வெச்சுப் பாருப்பா. கம்மியா காட்டுற வரைக்கும் வெச்சுப் பாரு."

கறை

மாடியில் சானிடைசர் பாட்டில் வைத்திருந்தோம். கை காய்வதற்குள் புடவையைத் தொட்டால் பட்டில் தடம் விழுகிறது என்று ஒருநாள் ஒரு அம்மா பிடித்துக்கொண்டார். நான் தெரியாத்தனமாக, "உயிரைவிடப் புடவை பெருசாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே பாட்டில் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது. அந்த அம்மா சொன்ன பதில் இது: "பட்டுல கறை வுழுந்தா போவாதும்மா. கொரோனா வந்தா தானா போயிடும்."

கண்ணாடிக்கு முன்னால்

கல்யாணப் பெண்ணை நிற்கவைத்து, கொசுவம் மடித்துச் செருகி, முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் காட்டுவது எங்கள் வழக்கம். நிறம் முகத்துக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான் அத்தனை பாடும். ஆகவே, எங்கள் முகம் அவர்கள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து மாஸ்க் கழன்றுவிடும். பெண்ணுக்கு மட்டுமல்ல, அபிப்பிராயம் சொல்ல வந்த அத்தை, பெரியம்மா எல்லோருக்கும். மூக்கை மூடிக்கொண்டு அபிப்பிராயம் சொல்ல வராது போலிருக்கிறது.

ஒரு தடவை மல்லிகா அக்கா கெஞ்சுகிற குரலில், "நான் கட்டிவுட்டுட்டு நவுந்துக்கிறேம்மா, அப்பறம் கழட்டுங்க" என்றார். அந்தப் பெண் உடனே சரி என்று தலையாட்டினாள். அவள் அம்மாதான் விடவில்லை: "மூஞ்சிய மூடிக்கினு நின்னா புடவை எடுப்பா இருக்குதான்னு எப்பிடிமா தெரியும்? உங்களுக்கு பயமா இருந்தா நீங்க இன்னும் ரெண்டு போட்டுக்குங்க."

எரிந்த நூல்

வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம். அரக்கு நிறத்தில் ஒரு புடவை பிடித்துப்போயிற்று. அசல் பட்டுதானா என்று பெண்ணின் அப்பாவுக்குச் சந்தேகம். அதற்கென்ன, முந்தானை ஓரத்து நூலில் ஒன்றை உருவித் தீக்குச்சியில் காட்டினால் தெரிந்துவிடும். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும். அக்கா கொளுத்திக் காட்டினார். பெண்ணின் அப்பா மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கிவிட்டு மோந்து பார்த்தார். "ஒண்ணும் வர்லியேமா" என்றார்.

அக்கா இன்னொரு நூல் கொளுத்தினார். மாஸ்க்கைத் தாண்டி எனக்கே குமட்டியது. அவருக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. "டூப்ளிகேட்ட தள்ளி வுடப் பாக்குறீங்களா? எங்களப் பாத்தா எப்பிடித் தெரியுது?" என்று சத்தம் போட ஆரம்பித்தார். பக்கத்து மெத்தையில் இருந்தவர்கள் கையிலிருந்த புடவையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சமாதானம் செய்யச் சொல்லி மேனேஜர் தூரத்திலிருந்தே சைகை காட்டினார். வேறு வழியில்லாமல் அக்கா எழுந்து குனிந்து, மூன்றாவது நூலை அவர் மூக்குக்கு நேராகவே பிடித்தார். அவர் ஆழமாக இழுத்தார். புகை ஏறி இருமல் வந்தது. அத்தனையும் அக்காவின் முகத்தில்.

மெத்தையில் உட்கார்ந்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. அவர் கண் மாறியதை நான் பார்த்தேன். "அண்ணே, காலையில குடிச்ச காபி வாசனை தெரிஞ்சுதா உங்களுக்கு?" என்று கேட்டார். அவர் மாஸ்க்கை மூக்குக்கு ஏற்றிக்கொண்டார். அவர் மனைவி சாவகாசமாகப் பதில் சொன்னார்: "ரெண்டு நாளா அவருக்கு வாய்ல ருசியே இல்லமா, சும்மா சளிதான். டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு போனா கல்யாணத்த நிறுத்திடுவாங்க, அதான் போவல. எனக்கு வாசனை நல்லா வருது, நீங்க பில் போடுங்க."

கைராசி

அந்த வாரமே அக்காவுக்குக் காய்ச்சல். பிறகு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரி, ஆக்சிஜன். நாங்கள் போய்ப் பார்க்கக்கூட விடவில்லை. மூட்டையாகக் கட்டிக் கொடுத்த அம்மாவைத் தூரத்தில் நின்று பார்த்தாள் அந்த நர்சிங் படிக்கிற பெண். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. இன்றைக்கும் அது போகவில்லை.

மறு வருஷம் அதே குடும்பம் வந்தது, பெண்ணுக்கு வளைகாப்புப் புடவை எடுக்க. அப்பா நன்றாகத் தேறி, கொஞ்சம் சதை போட்டிருந்தார். "இங்க இருந்தாங்களே ஒரு அம்மா, அவங்க எங்க? நல்ல கைராசி. பொண்ணு அமோகமா இருக்குது. அவங்களையே எடுத்துத் தரச் சொல்லுங்க" என்றார் பெண்ணின் அம்மா.

"அவங்க இறந்துட்டாங்கம்மா. நீங்க கல்யாணப் புடவை எடுத்துக்கினு போனீங்களே, அந்த வாரம்தான் காய்ச்சல்ல படுத்தாங்க. கொரோனா" என்றேன். ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி, அவர்கள் இருவர் முகத்தையும் பார்த்தே சொன்னேன். அப்பா எழுந்து, கார் எங்கே நிற்கிறது என்று பார்க்கக் கீழே இறங்கிவிட்டார். அம்மா நிஜமாகவே வருத்தப்பட்டார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

"அடப்பாவமே! நாலு பேர் வந்து போற எடம், அவங்கதான் கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்திருக்கணும்."

எங்கள் தொழிலில் தப்பு எப்போதும் காட்டுகிறவள் பக்கம்தான். வாங்குகிறவர்கள் பக்கம் இருந்ததாக இதுவரை ஒரு தடவைகூடக் கேள்விப்பட்டதில்லை.