படத்தில் விழாத மருந்து

அம்மாவின் தலையைப் படம் எடுக்கக் கொழும்புக்குப் போனபோது டாக்டர் தேடியது ஒன்று, என் அண்ணன் தேடியது வேறொன்று. கட்டியோ இரத்தக் கசிவோ இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கச் சொல்லியிருந்தார். அண்ணன் தேடியது, அண்ணி சோற்றில் கலந்து வைத்ததாகத் தோட்டத்து லயமே பேசிய மருந்தை.

யட்டியாந்தோட்டைக்கு மேலே இறப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில், அண்ணன் குடும்பத்தோடு அம்மா இருந்தாள். நான் கடைவீதியில் வாழ்க்கைப்பட்டவள். வேலையை விட்டுப் பல வருடம் ஆகியும் அம்மா விடியலில் வாளியைத் தூக்கிக்கொண்டு இறப்பர் பால் வெட்டக் கிளம்ப ஆரம்பித்தாள். பேரப்பிள்ளைகளின் பெயர் மறந்தது. பிறகு, "இவ சோத்துல என்னமோ போடுறா" என்று அண்ணியைக் காட்டிச் சொல்லத் தொடங்கினாள். அவளைக் குளிப்பாட்டித் தலைவாரி விட்டவளே அண்ணிதான்.

எங்கள் ஆட்களிடம் ஒருவருக்குப் புத்தி மாறினால், யார் கையால் சாப்பிட்டார் என்பதுதான் முதல் கேள்வி. வைத்த மருந்தை எடுப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. எதையோ கரைத்துக் குடிக்கவைத்து, வாந்தியெடுக்க வைத்து, "பாத்தீங்களா, இதுதான்" என்று தட்டில் காட்டுவார்கள். மருந்து இருப்பது உறுதியானால் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தாய்வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அண்ணன் அண்ணியிடம் சொல்லிவிட்டான். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அது சண்டைக் காலம். கொழும்புக்குப் போகிற வழியில் பஸ்ஸை நிறுத்திய சிப்பாய், எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு அம்மா, "பால் வெட்ட" என்றாள். அண்ணன் சிங்களத்தில் கெஞ்சி விளக்கினான். அடையாள அட்டையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிப்பாய் எங்களைப் போக விட்டான்.

எடுத்த படத்தோடு கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, "முகுத் நே" என்றார். ஒன்றும் இல்லையாம். கட்டியும் இல்லை, இரத்தமும் இல்லை. மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, வயதானவர்களுக்கு அப்படியும் இருக்கும். அவர் பார்த்தவரை இது அல்சைமர் என்கிற மறதி நோய். ஆனால் இந்தப் படத்தை வைத்து அதை அடித்துச் சொல்ல முடியாது. மூளையில் படிகிற அந்த நோயைக் காட்டும் மெசின் வெளிநாட்டில்தான் இருக்கிறது என்று சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். அண்ணனுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். ஆனாலும் முதல் இரண்டு சொல்லோடு அவன் காது மூடிக்கொண்டது.

"தலையில இல்லன்னா வயித்துலதான் இருக்கு" என்றான், பஸ்ஸில் ஏறியதும்.

"சுருங்கியிருக்குன்னு சொன்னாரே, அது கேக்கலியா அண்ணே?"

"வயசானா சுருங்கும்னும்தான் சொன்னாரு."

அதுவும் அவர் சொன்னதுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அந்தப் படத்தின் மேல்தான்.

வீட்டில் விஷயம் கேட்ட அண்ணி, "படத்துல ஒண்ணும் இல்லன்னா நான் நல்லவள்னு ஆகாதா?" என்றாள். அண்ணன் சட்டையைக் கழற்றி மாட்டினான். வெள்ளிக்கிழமை மருந்தெடுக்கிறவர் வருவதாக ஏற்பாடு. அதுவரை அண்ணி சோற்றைத் தொடக் கூடாது. நான் தங்கி அம்மாவுக்கு ஊட்ட வேண்டும். ஊட்டினேன். பெற்ற பிள்ளை கையால் அம்மா சமர்த்தாகச் சாப்பிடுகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வந்தவர் செம்பில் பச்சையாக எதையோ கரைத்தார். அம்மா தண்ணீர் குடித்தாலே புரையேறும். "வாந்தியெடுக்க வச்சா உசுரு போயிரும் அண்ணே" என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணி கதவோரம் நின்றாள். அவளுடைய துணிப்பை அடுப்படியில் தயாராக இருந்தது.

குடிக்கக் கொடுக்குமுன் கேட்பது முறையாம். "ஆத்தா, ஒங்களுக்கு யாரு வச்சாங்க? கையை நீட்டிக் காட்டுங்க."

அம்மாவின் கை எழுந்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். கை அவளைத் தாண்டி வந்து என் மேல் நின்றது.

"இவதான். பெசஞ்சு பெசஞ்சு ஊட்டுனா."

"யாருங்க ஆத்தா இவங்க?"

"யாரு கண்டா. நல்லவ மாதிரி வந்து ஒக்காந்துக்கிட்டா."

மருந்தெடுக்கிறவர் என் பக்கம் திரும்பினார். அண்ணன், "அது எங்க அம்மா பெத்த பொண்ணுங்க" என்றான்.

"பொண்ணுன்னா வைக்க மாட்டாங்களா?"

அண்ணன் எழுந்து செம்பை வாங்கினான். வாசலோரச் சாக்கடைக் கானில் ஊற்றிவிட்டு, வெறும் செம்பை அவரிடமே கொடுத்து, "போயிட்டு வாங்க" என்றான். பிறகு வாசலில் உட்கார்ந்து, உறையிலிருந்து படத்தை எடுத்து வெயிலுக்குப் பிடித்தான். அன்றைக்குத்தான் அதை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தான்.

"எங்க சுருங்கியிருக்குன்னு சொன்னாரு?"

டாக்டர் காட்டிய கறுப்புப் பள்ளங்களைக் காட்டினேன். அவன் அழுதான்.

அன்று மாலை அண்ணி ரசஞ்சோறு பிசைந்து கொண்டுவந்தாள். அம்மா வாயைத் திறக்காமல் என்னையே பார்த்தாள். "அவளப் போகச் சொல்லு" என்றாள் அண்ணியிடம்.

"சரிங்க அத்தை" என்ற அண்ணி, என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

அண்ணியின் பழி நீங்க வேண்டும் என்றுதான் நான் அத்தனை நாள் சாமியைக் கும்பிட்டேன். நீங்கியது, ஆனால் என் மேல் விழும் என்று நினைக்கவில்லை. லயத்துக்குத் தண்ணீர் விழும் பீலியடியில் போய் நின்று, அந்தச் சத்தத்தில் அழுதேன். அதன் பிறகு அம்மா இருந்தவரை, நான் கடைவீதியிலிருந்து ஆக்கிக் கொண்டுபோன சோற்றையெல்லாம் அண்ணிதான் ஊட்டினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.