வடிகட்டிய எண்ணெய்

காலை ஆறு ஐந்து. உத்திரமேரூரில் அண்ணன் வைத்திருந்த பட்டறையைத் திறந்ததும் முதலில் தெரிந்தது, லேத்தின் பெட்டில் படிந்திருந்த சாம்பல் நிறப் பசை. வெட்டும் டூலைத் தாங்கிய சேடில் முன்னும் பின்னும் ஓடும் இரும்புத் தண்டவாளம்தான் பெட். அது நேராக இருந்தால்தான் கடைவது நேராக வரும். பட்டறையில் வேறு லேத் கிடையாது. பம்பு ஷாஃப்ட் கடைந்துதான் அண்ணன் குடும்பம் சாப்பிட்டது.

எண்பதுகளின் கடைசி. மெட்ராஸில் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து கடைவதற்கு வளையங்கள் வந்திருந்தன. அலுமினியத்தில் சிலிக்கன் கார்பைடு தூளைக் கலந்து வார்த்தவை. சாணைக்கல்லில் இருப்பதும் அதே தூள்தான். கையில் எடுத்தால் கனமே இல்லை. ஆனால் ஒரு வளையம் முடிவதற்குள் டூல் மழுங்கிப் போனது. பிறகு அவர்களே வைர முனை டூல் கொடுத்தனுப்பினார்கள். அண்ணன் சில வாரங்களில் அளவு தப்பாமல் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார்.

எங்கள் பட்டறையில் கட்டிங் ஆயிலைக் கீழே கொட்டுவதில்லை. பழைய வேட்டியில் வடிகட்டி டின்னில் பிடித்து, பெட்டுக்கும் அதையே விடுவோம். இரும்புச் சீவல் துணியில் நின்றுவிடும். இந்தத் தூள் நிற்கவில்லை.

அன்று காவாந்தண்டலத்து விவசாயி ஒருவரின் பம்பு ஷாஃப்ட் லேத்தில் ஏறியது. நான் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஷாஃப்டைப் பிடித்துச் சுழற்றும் சக் பக்கம் தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருந்தது. அண்ணன் மறுபடி ஓட்டினார். மறுபடியும் அதே.

"இன்னாப்பா, காலைலேர்ந்து தடவிக்கினே கீறே? அங்க நாத்து காயுது," என்றார் விவசாயி.

"சரிவு வருது நைனா. பேரிங் ஒக்காராது."

"போன வருசம் ஒக்காந்துச்சே. வயசானது லேத்துக்கா, உனக்கா?"

அண்ணன் சேடிலைத் தள்ளிவிட்டு, பெட்டைத் துடைத்து, சக் பக்கத்திலிருந்து கட்டைவிரல் நகத்தை இழுத்துக்கொண்டு வந்தார். சேடில் எட்டாத இடம் முடிந்து, அது ஓடுகிற இடம் தொடங்கும் கோட்டில் நகம் தட்டி இறங்கியது.

"ஆயில்ல தூளு கலந்து பெட்டை அறுத்துக்கினு இருந்திருக்குதுடா," என்றார் என்னிடம்.

"மெட்ராஸ் எடுத்துக்கினு போயி பெட்டை கிரைண்ட் பண்ணலாமே," என்றேன்.

"எத்தினி மாசம் மூடி வைக்கிறது? அதுவரிக்கும் வூட்ல இன்னா துன்றது?"

விவசாயி ஷாஃப்டைக் கோணியில் சுற்றிக்கொண்டு வேறு லேத் பட்டறை தேடி வாலாஜாபாத் பஸ் ஏறினார். அதன்பின் வந்தவர்களையும் நாங்களே அங்கே அனுப்ப வேண்டியிருந்தது.

ஆடியில் லேத்தை எடைக்குப் போட்டோம். அண்ணன் ஓர் அரிசி மில்லில் மூட்டை தைக்கும் வேலைக்குப் போனார்.