துண்டை யார் இழுத்தது

என் நைனாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. கல்யாணத்தன்று தேனாம்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் அம்மாவும் அவரும் எடுத்துக்கொண்ட ஒரே படம் குடிசையோடு சேர்ந்து எரிந்துபோனது. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. உயரம் ஞாபகமிருக்கிறது. பீடி வாசனை ஞாபகமிருக்கிறது. இருமல் சத்தம் இப்போதும் காதில் விழும். முகம்தான் போய்விட்டது. கண்ணை மூடி நினைத்துப் பார்த்தால் தம்பியின் முகம் வந்து நிற்கிறது.

அதனால்தான் போன மாதம் என் மகள் செல்போனை நீட்டி, நீங்கள் அப்போது இருந்த இடமா இது என்று கேட்டபோது போனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். எழுபதுகளில் ஒரு வெள்ளைக்காரர் மெட்ராஸைச் சுற்றிச் சுற்றி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். வெளிநாட்டில் ஏதோ ஒரு காப்பகத்தில் டப்பாவுக்குள் கிடந்ததை எடுத்துச் சுத்தம் செய்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி போட்டிருக்கிறார்கள். அவள் நிறுத்தி வைத்திருந்த இடத்தில் ஆறு, கரை, வரிசையாக ஓலைக் குடிசைகள், பின்னால் தலை சாய்ந்த ஒற்றைப் பனைமரம். அந்தப் பனைமரம் எனக்கு மறக்குமா? இதற்கு மேல் ஓட்டாதே என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பக்கத்து அறையில் அம்மா படுத்திருந்தாள். எண்பதைத் தாண்டியவள். கே.கே. நகரில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். அந்தப் படத்தில் ஒரு கேள்விக்குப் பதில் இருக்கிறது. அந்தக் கேள்வியை வைத்துத்தான் என் நைனா சாகும்வரை அவளைக் குத்திக்கொண்டிருந்தார். பதில் அவளுக்கு எதிராக இருந்துவிட்டால் இந்த வயதில் அவள் தாங்குவாளா? நான் சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி.

அப்போது நாங்கள் நந்தனத்துக்குப் பின்னால் அடையாற்றங்கரையில் இருந்தோம். நைனா பனகல் பூங்கா ஓரத்தில் கை ரிக்ஷா வைத்திருந்தார். தீபாவளிக்கு ஜவுளி எடுத்துக்கொண்டு வருகிறவர்களை மூட்டை முடிச்சோடு ஏற்றி மயிலாப்பூர்வரை இழுத்துக்கொண்டு போவார். அம்மா உஸ்மான் ரோடு பக்கம் சில வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். எனக்குப் பத்து வயது இருக்கும். தம்பி கைக்குழந்தை. இந்தப் படத்துக்குக் கீழே யாரோ ஒரு புண்ணியவான், எவ்வளவு அமைதியான ஊர், அதெல்லாம் பொற்காலம் என்று எழுதியிருக்கிறான். அவனைக் கொண்டுபோய் ஒரு வாரம் அந்தக் கரையில் குடிவைக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் நாற்றம் தெரியாது. பயமும் தெரியாது.

பயம் எங்களோடு குடித்தனம் பண்ணியது. மழைக்காலம் வந்தால் ஆறு. சித்திரை வந்தால் தீ. ஒரு அடுப்புப் பொறி போதும், வரிசையே போய்விடும் என்று எல்லா வீட்டு வாசலிலும் ஒரு குடம் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள், குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளிலும். இதெல்லாம் போதாதென்று பேண்ட் போட்ட ஆள் எவன் கரையில் இறங்கினாலும் பயம். ஆற்றில் இன்னும் கொஞ்சம் கிழக்கே இருந்த குடிசைகளுக்கு முந்தின வருஷம் அதிகாரிகள் வந்து, கதவில் சுண்ணாம்பால் நம்பர் போட்டு, குடும்பம் குடும்பமாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்களாம். படத்தில் இருந்தவர்களுக்கு மாடி வீடு. வேலைக்குப் போயிருந்தவர்களை, நீ இங்கே இருந்ததற்கு என்ன சாட்சி என்று கேட்டு லாரியில் ஏற்றிக் கொட்டிவாக்கம் பக்கம் மணலில் இறக்கிவிட்டார்களாம். இதில் எது நிஜம், எது தண்ணீர்க் குழாயடியில் சேர்ந்துகொண்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மா முழுசாக நம்பினாள்.

நைனா நம்பியது வேறு. பூங்கா ஓரத்தில் ரிக்ஷாக்கள் நிற்பதை ஒருநாள் யாரோ படம் பிடித்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் கை ரிக்ஷாவையே ஒழிக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்துவிட்டது. அவர் இரண்டையும் முடிச்சுப்போட்டுவிட்டார். படம் பிடித்தால் அந்தப் பொருள் ஊரில் இருக்காது என்பது அவர் கண்ட உண்மை. அதிலிருந்து கேமராவோடு யாரைப் பார்த்தாலும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மூக்குக்கு மேலே சுற்றிக்கொள்வார். கண் மட்டும் தெரியும்.

அந்த வெள்ளைக்காரர், கூட இரண்டு நம்மூர் ஆட்களோடு மூன்று கால் வைத்த ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரையில் இறங்கியது ஒரு காலை நேரம். அம்மா வேலைக்குக் கிளம்பியவள் கூடையை அப்படியே போட்டாள். வரிசை முழுக்க ஓடி, எல்லாரும் வாசலில் நில்லுங்கள், இருப்பதில் நல்ல துணியாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். நைனா குடிசைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

"மொதல்ல மூஞ்சிய புடிப்பான், அப்பால வூட்ட புடிப்பான். நான் வரல" என்றார்.

அம்மா வாசலிலிருந்தே பதில் சொன்னாள். "படத்துல இருந்தாத்தான்யா நாம இங்க கீறோம்னு அர்த்தம். நீ இல்லன்னா புருசன் இல்லாதவன்னு எழுதிக்கினு பூடுவான்."

அவர் வெளியே வந்தார். வந்து எங்களுக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றார், துண்டைச் சுற்றிக்கொண்டு.

சினிமா எடுக்கும் கேமரா வேறு, போட்டோ பெட்டி வேறு என்று அந்த வரிசையில் யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் சினிமா பார்க்காதவர்கள் இல்லை. சைதாப்பேட்டைக் கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து விசில் அடித்தவர்கள்தான். ஆனால் சினிமா எடுப்பது நடிகர்களை. எங்களை எதற்கு எடுப்பார்கள்? எங்கள் முன்னால் ஒரு பெட்டி வந்து நின்றால் அது கணக்கெடுக்கத்தான். அம்மா அதுவரை ஒரே ஒருமுறை கேமரா முன்னால் நின்றிருக்கிறாள், அந்த ஸ்டுடியோவில். ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு மூச்சுக்கூட விடாதே என்றிருக்கிறார். அதை எங்களுக்குச் சொன்னாள்.

"அசையாத நில்லு. கண்ண கொட்டாத. அசஞ்சா மூஞ்சி கலைஞ்சி பூடும், உன்ன கணக்குல சேக்க மாட்டாங்கோ."

நான் அசையவில்லை. வரிசையே அசையவில்லை. குழந்தைகள், கிழவிகள், கக்கத்தில் கோழியை இடுக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண், எல்லோரும் நட்டு வைத்த கழிகள் மாதிரி நின்றோம். நம்மூர் ஆள் ஒருவர் கையை ஆட்டி ஆட்டி, ஏன் இப்படி நிற்கிறீர்கள், நடங்கள், உங்கள் பாட்டுக்கு வேலையைப் பாருங்கள் என்று கெஞ்சினார். அதைக் கேட்டதும் எங்களுக்குப் பயம் இரட்டிப்பானது. நடக்கச் சொல்கிறான் என்றால் என்ன அர்த்தம்? முகம் கலைந்தால் கணக்கில் ஒரு குடும்பம் குறையும். சூழ்ச்சி. யாரும் காலைக்கூட மாற்றி வைக்கவில்லை. அந்தப் பெட்டியின் கறுப்புக் கண் மெதுவாக எங்கள் பக்கம் திரும்பியது. அது ஒன்றுதான் எனக்கு ஞாபகம். என் தோளில் யார் கை இருந்தது, பக்கத்தில் என்ன நடந்தது, எதுவும் தெரியாது. கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை.

அந்தக் கோடையிலேயே தீ வந்தது. மத்தியானம், நல்ல காற்று. வரிசையின் மறுகோடியில் பிடித்தது எங்கள் கூரைக்கு வர ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. வாசலில் நிரப்பி வைத்திருந்த குடங்கள் எதற்கும் உதவவில்லை. உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். நாங்கள் ஆற்றுச் சேற்றில் முழங்கால்வரை இறங்கி நின்றுகொண்டு வீடு எரிவதைப் பார்த்தோம். நைனா வீட்டைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

"நீ துண்ட இழுத்துட்ட. என் மூஞ்சி அவன்கிட்ட மாட்டிக்கிச்சி. அதான் இப்டி ஆச்சி."

அம்மா நான் தொடவேயில்லை என்றாள். இழுத்தாய் என்றார். என்னைக் கேட்டார், நான் கேமராவைத்தான் பார்த்தேன், தெரியாது என்றேன். அது உண்மை. உண்மை யாருக்கு என்ன பிரயோஜனம்? கை ரிக்ஷா ஒழிந்தபோதும் அதைச் சொன்னார். பதிலுக்குக் கிடைத்த சைக்கிள் ரிக்ஷாவை மிதிக்க நெஞ்சில் வலுவில்லாமல் இருமிக்கொண்டு படுத்தபோதும் சொன்னார். ஒருவழியாக எங்களுக்கு மாடி வீடு கிடைத்தது; அதற்குக் கணக்கெடுக்க வந்தவர் கேமராவே கொண்டுவரவில்லை. ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு நின்ற வாக்கில் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அப்போதாவது நைனா அதை விட்டிருக்கலாம். விடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அந்தத் துண்டுப் பேச்சுதான்.

அவர் போன பிறகு ஒரு விபரீதம் நடந்தது. அம்மா அவர் பேச்சையே நம்ப ஆரம்பித்துவிட்டாள். வருஷா வருஷம் அவருக்குப் படையல் போடும்போது, வைக்கப் படம் இல்லாததால் அவருடைய துண்டு ஒன்றை மடித்து வைத்து, அதன்மேல் பூ வைப்பாள். கற்பூரம் காட்டும்போது, இழுத்துத்தான் இருப்பேன், பதற்றத்தில் எனக்கே தெரியாமல் கை போயிருக்கும் என்று முணுமுணுப்பாள். வரிசை முழுக்க எரிந்த தீயை இவள் தன் கைமேல் பழியாகப் போட்டுக்கொண்டாள். தீப்பெட்டி உரசும் சத்தத்துக்கு இன்றைக்கும் அவளுக்கு உடம்பு தூக்கிப்போடும். எனக்குக் கோபம் வரும். செத்த மனிதரிடம் கோபித்து என்ன செய்ய?

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு மகள் பொறுக்கமாட்டாமல் டிவியில் போட்டுவிட்டாள். அம்மா நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது, போகவில்லை. தி. நகரில் டபுள் டெக்கர் பஸ் திரும்பியது. பூங்கா ஓரத்தில் ரிக்ஷாக்கள், இழுப்பவர்களின் முதுகுகள். ஒவ்வொரு முதுகையும் நைனாவோ என்று பார்த்தேன். மயிலாப்பூர்க் குளம் வந்தது, போனது. பிறகு அந்தப் பனைமரம்.

எங்கள் வரிசை நிற்கிறது. படம் ஓடுகிறது, ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, ஓலை காற்றில் ஆடுகிறது, மனிதர்கள் மட்டும் அசையவில்லை. இந்த மக்களின் மௌனமான கம்பீரத்தைப் பாருங்கள் என்று இங்கிலீஷில் ஒருவர் சொல்கிறாராம், மகள் சொன்னாள். கம்பீரமாவது ஒன்றாவது. கணக்கில் விட்டுப்போகுமோ என்று பயந்து நிற்கிறோம்.

கேமரா நகர்ந்து எங்களிடம் வந்தது. நான், கன்னத்தில் கண்ணீர் வழிய. பின்னால் அம்மா, முப்பது வயதுகூட இராது. ஓரத்தில் துண்டு சுற்றிய ஓர் ஆள். நான் டிவியைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கை மெதுவாகக் கீழே இறங்கியது. டிவி பக்கம் திரும்பினேன்.

நைனா தானாகவே துண்டை எடுக்கிறார். கேமரா எங்கள்மேல் வந்து நின்றதும், தன் வலது கையாலேயே மூக்குக்கு மேலிருந்ததை இழுத்துக் கழுத்துக்கு இறக்கிவிடுகிறார். இறக்கிவிட்டு அரை அடி நகர்ந்து எங்களோடு ஒட்டி நிற்கிறார். கண் கொட்டாமல் அந்தப் பெட்டியைப் பார்க்கிறார். ஒட்டிய கன்னம், சின்ன மீசை. என் மகளைவிட இளைய முகம். அவ்வளவு பயந்த முகத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. பிறகு கேமரா அடுத்த குடிசைக்குப் போய்விடுகிறது.

இன்னொரு தபா போடு என்றாள் அம்மா. போட்டோம். மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவை அவள் அவரைப் பார்க்கவில்லை, தன்னைப் பார்த்தாள்.

"என் கை ரெண்டும் எங்க கீது?"

நான் எழுந்துபோய் டிவியில் விரல் வைத்துக் காட்டினேன். ஒரு கை என் தோளில். ஒரு கையில் தம்பி. கடைசிவரை இரண்டும் அசையவில்லை.

ஏன் அப்படிச் சொன்னார், தன் கைதான் என்று அவருக்கே தெரியாதா, தெரிந்தே அவள் தலையில் போட்டாரா என்று நான் கத்த ஆரம்பித்தேன். இத்தனை வருஷக் கோபமும் வந்துவிட்டது. அம்மா என்னைக் கவனிக்கவேயில்லை. அவர் எங்களோடு ஒட்டி நிற்கும் இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னாள். படையலுக்கு இதைப் பெரிசாகப் போட்டுக் கொடு என்று பேத்தியிடம் சொன்னாள். அவரை மட்டும் தனியாக எடுத்துவிடலாம் ஆயா, முகம் பயந்த மாதிரி இருப்பதைக்கூடக் கொஞ்சம் சரிசெய்துவிடலாம் என்றாள் மகள்.

"ஒண்ணும் பண்ணாத" என்றாள் அம்மா. "அப்டியே கெடக்கட்டும். நாலு பேரும் கீறோம்."