கதை நடுவே வத்தக்குழம்பு

அந்த நாளில் ஒஸ்லோவில் ஒரு தமிழ்ப் புத்தகத்தை வெளியிடுவது எளிது. அதை ஒருவர் வாசிக்கும்படி செய்வதுதான் முடியாத காரியம். அம்மருட்டில் குடியிருந்த மகேசன் இதைத் தெரிந்துகொள்ள ஒரு புத்தகம் போட வேண்டியிருந்தது.

எல்லிங்ஸ்ருட்டில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவருக்கு வேலை. மற்ற நேரமெல்லாம் எழுத்தாளர். பன்னிரண்டு வருடமாக எழுதிய கதைகளைச் சேர்த்துச் சென்னையில் அச்சடிப்பித்தார். புத்தகக் கட்டுகள் விழாவுக்கு முதல்நாள்தான் வந்து சேர்ந்தன. மகேசன் ஒரு பிரதியை எடுத்து அட்டையைத் தடவினார், முகர்ந்தார், சாமி படத்தடியில் வைத்தார். திறந்து பார்க்கத்தான் நேரமில்லை. மனைவி ராசமலர் எல்லாப் பிரதிகளையும் பொன்னிறத் தாளில் சுற்றி நாடா கட்டினாள். எங்கள் ஆட்களுக்குப் புத்தகமும் கலியாணப் பரிசும் ஒன்றுதானே.

விழா ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்பு நடனம், வாழ்த்துரைகள் எல்லாம் முடிய, ஆய்வுரைக்குச் சற்குணம் மாஸ்டர் எழுந்தார். ஒஸ்லோவில் யார் புத்தகம் போட்டாலும் அவர்தான் ஆய்வுரை. இலங்கையின் மும்மொழி இலக்கிய மரபைக் கையில் எடுத்தார். சங்க காலத்தில் தொடங்கி, பாளி ஏடுகளுக்குள் புகுந்து, சிங்களக் கவிகளைத் தட்டிக்கொடுத்து, கொழும்பு ஆங்கிலக்காரரைக் கடிந்து, மலையகத்தில் ஏறி, மட்டக்களப்பில் இறங்கி, ஒரு மணித்தியாலம் கழித்துத் தண்ணீர் குடித்தார். "மகேசனும் இந்த மரபிலை வந்த ஒருவர்தான்" என்று முடித்தார். பிறகு பெயர் கூப்பிடக் கூப்பிட ஆட்கள் மேடைக்கு வந்து, படத்துக்கு நின்று, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடைசியாக வாங்கியவர் எட்வேட் பெர்னாண்டோ. மகேசனோடு அதே சமையலறையில் வேலை செய்பவர், சிலாபம் கரையோரத்துச் சிங்களவர். ஒரே தீவில் பிறந்த இருவரும் நோர்வேஜிய மொழியில்தான் கதைத்துக்கொள்வார்கள். இலங்கைக்கு நோர்வே சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம் அது; அந்தச் சமையலறையில் அது எப்போதோ கைகூடியிருந்தது. மகேசன் மரியாதைக்குத்தான் அவரை அழைத்திருந்தார்.

மறுநாள் மகேசன் ஆசையோடு புத்தகத்தைத் திறந்தார். அவருடைய மிக நீண்ட கதையில், கணவனை ஏற்றிய வள்ளம் போய்விட, பூமணி மன்னார்க் கரையில் தனியே நிற்கிறாள். பக்கத்தைத் திருப்பினால், "சுண்டைக்காய் வற்றலை நல்லெண்ணெயில் பொன்னிறமாக வறுக்கவும்." வத்தக்குழம்பில் தொடங்கி எலுமிச்சை ஊறுகாய் வரைக்கும் பதினாறு பக்கம். அச்சகத்தார் அவருடைய பதினாறு பக்கத்தை விட்டுவிட்டு, யாரோ ஒருவருடைய சமையல் புத்தகத்தின் தாள்களை அந்த இடத்தில் வைத்துத் தைத்துவிட்டார்கள். மிஞ்சிய பிரதிகளையும் பிரித்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் பூமணி குழம்புக்குள் விழுந்து கிடந்தாள்.

மானம் கப்பலேறப் போகிறது என்று தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தார். அது அடிக்கவில்லை. ஒரு கிழமை போனது, ஒரு மாதம் போனது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் பயம் போய்த் துக்கம் வந்தது. யாராவது ஒருவர் கூப்பிட்டு ஏசமாட்டாரா என்று ஏங்கத் தொடங்கினார்.

கோயிலில் சற்குணம் மாஸ்டரைப் பிடித்தார்.

"மாஸ்டர், அந்த மன்னார்க் கதை எப்பிடி?"

"அதுதானே புத்தகத்தின்ரை உயிர்."

"நடுப்பகுதி?"

"அங்கைதான் நீர் நிக்கிறீர்" என்றார் மாஸ்டர், பிரசாதத்துக்குக் கையை நீட்டியபடி.

அதற்குப் பிறகு மகேசன் யாரிடமும் கேட்கவில்லை. எழுதவும் இல்லை.

ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது எட்வேட் திடீரென்று தமிழில் பேசினார்.

"அண்ணே, உங்கட புத்தகம் படிச்சு முடிச்சேன்."

மகேசனின் கத்தி நின்றது. "உமக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமோ?"

"மூணாம் வகுப்பு வரைக்கும் தமிழ்தான் படிச்சேன். பிறகு பள்ளிக்கூடம் சிங்களமாப் போச்சு. எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிச்சேன், அதுதான் இவ்வளவு நாள்." அடுத்த கிழங்கை எடுத்தார். "அந்தப் பூமணி... புருஷன் போயிட்டான். அவ அழல்ல. அவனுக்குப் பிடிச்ச குழம்ப மனசுக்குள்ள வைக்கிறா. புளி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவுன்னு. கடைசியா ஊறுகாய். ஒரு வருஷம் ஆனாலும் கெடாதுன்னு எழுதியிருக்கீங்க. அவன் வரும்வரைக்கும் இருக்கணும்தானே. அந்த இடத்துல நான் அழுதுட்டேன்."

மகேசனுக்கு ஒரே ஒரு வாசகர் கிடைத்தார். அவரும் தான் எழுதாத பக்கத்துக்கு அழுதிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அந்த ஒருவரும் போய்விடுவார். சொல்லாவிட்டால் யாரோ ஒரு சமையற்காரியின் புகழைத் திருடியதாகிவிடும்.

பாதியைச் சொன்னார். "அந்த இடத்திலை முதல் நான் வேறை எழுதினனான்." சொல்லிவிட்டு, அச்சில் விடுபட்டுப்போன, மனப்பாடமாகக் கிடந்த தன் பதினாறு பக்கத்தையும் ஒப்புவித்தார். பூமணி நிலாவைப் பார்த்துப் புலம்பினாள், கடலைச் சபித்தாள், விதியை வழக்குக்கு இழுத்தாள், தீவின் வரலாறு முழுவதையும் ஒரு நண்டுக்கு எடுத்துச் சொன்னாள். உருளைக்கிழங்கெல்லாம் உரித்து முடிந்தது.

எட்வேட் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, மகேசனின் தோளில் ஈரக்கையை மெல்ல வைத்தார்.

"அத எடுத்தது நல்லது, அண்ணே."