பாவட்டை இலைக்குக் காவல் வந்தவள்

பெரிய காற்று லண்டனில் மரங்களை வேரோடு பிடுங்கிப் போட்ட வருஷம். அந்த மாதம்தான் ஊரில் இந்தியன் ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கி, மன்னாருக்கு டெலிபோன் எடுக்க முடியாமல் போனது. எனக்கு மூத்த பிள்ளை பிறந்ததும் அந்த மாதம்தான். எழுத்துத் தெரியாதவனுக்கு வருஷக் கணக்கு இப்படித்தான் நிற்கும். இதையும் நான் சொல்லச் சொல்ல மகள் போனில் அடிக்கிறாள்.

காற்று ஓய்ந்த காலை, சப்பாத்துக்குக் கீழே கண்ணாடி நொறுங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது...

அப்போது ஒரு பெரிய தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் எனக்கு வேலை. வெக்கை நாட்டுச் செடிகளுக்காக உள்ளே எந்நேரமும் சூடும் ஈரமும். அங்கேயே வேலை செய்த, ஸ்ட்ரெதமில் எங்களுக்கு மேல்வீட்டில் இருந்த தோமஸ் அண்ணைதான் சேர்த்துவிட்டவர். கூட்டுவது, ஹோஸ் பிடிப்பது, ஈரத்துணியால் இலை துடைப்பது.

உள்ளே ஒரு உயர்ந்த மரத்தின் நிழலில், ஆள் உயரத்தில் ஒரு பற்றை. இலைகள் எதிரெதிராக. வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாக, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நூல் குண்டூசி போல வெளியே நீட்டிக்கொண்டு... முதல் நாளே தெரிந்துவிட்டது, பாவட்டை. மடு மாதா திருவிழாவுக்குப் போய்க் காட்டில் கொட்டில் போட்டிருக்கும்போது, பாலை மரங்களுக்குக் கீழே இதுதான் எங்களுக்கு மறைப்பு. பெரிய மரம் மிச்சம் விட்ட வெயிலில் வாழ்கிற சாதி.

ஊரில் பார்த்தது புழுதி படிந்த இலை. இங்கே கழுவிய இலையை வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. ஏதோ நோய் என்று நினைத்து ஒவ்வொன்றையும் உரஞ்சிக்கொண்டிருந்தேன். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பார்பரா கண்டுவிட்டுச் சிரித்தாள். தோமஸ் அண்ணை விளங்கப்படுத்தினார்.

"அது ஊத்தை இல்லையாமடா. புள்ளிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சீவன் குடியிருக்குதாம். தாய்ச்செடியே அதை மொட்டுக்குள்ள வச்சுக் குடுக்குமாம். அது இல்லாட்டிச் செடி வளராமல் கூனிப் போகுமாம். நீ என்னடா எண்டால் குடியிருக்கிற ஆக்களை எழுப்பப் பாக்கிறாய்!"

காற்றுக்கு முந்திய கிழமைதான் என் மனைவி றெஜினா பிள்ளையோடு வீடு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ஷவரில் நிற்கச் சொன்னபோது மாட்டேன் என்றவள், வீட்டிலும் தலையில் தண்ணீர் வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு வேது வார்க்க வேண்டும். பாவட்டை, ஆடாதோடை, நொச்சி இலைகளை அவித்து, அந்தத் தண்ணீரை ஒரு பெண் கையால் வார்ப்பது. அவளுக்கு உடம்பெல்லாம் உளைவு, நடுக்கம்.

"இஞ்சாருங்கோ, அம்மா உயிரோட இருக்கிறாவோ எண்டும் தெரியேல்லை. தண்ணியாவது சரியான தண்ணியா இருக்க வேண்டாமோ? உங்கடை வேலையிடத்தில பாவட்டை நிக்குதெண்டு சொன்னனீங்கள்."

"நிக்குது. விழுந்த இலையையும் வெளியில கொண்டுவர ஏலாது. வேலை போயிடும்."

அவள் பிள்ளைப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காற்று கூரைக் கண்ணாடியைப் பாவட்டை மேலேயே கொட்டியிருந்தது. பாதிப் பற்றை முறிந்து கிடந்தது. அங்கே இருந்த பாவட்டை அது ஒன்றுதான். பார்பரா முழங்காலில் இருந்து வெறுங்கையால் கண்ணாடி பொறுக்கினாள். விரல்களில் இரத்தம். பிறகு கத்திரியை எடுத்து அடிவரை வெட்டினாள். கீழ் மொட்டு பிழைத்தால் புள்ளியும் பிழைக்கும்... அவ்வளவுதான்.

வெட்டியதை எல்லாம் எரிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நான் ஒரு கட்டு இலையோடு பார்பரா முன்னால் நின்றேன். தோமஸ் அண்ணை வேறு பக்கம்.

"வைஃப்... பேபி... பாத்," என்றேன்.

"ஈட்?"

"நோ ஈட்!" தலையில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரிக் காட்டினேன்.

பார்பரா இலையை ஒரு பையில் போட்டுக் கட்டினாள். பையை என்னிடம் தரவில்லை. தோட்டத்து வான் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு அவளே வீட்டுக்கு வந்தாள். இலை அவள் பொறுப்பை விட்டுப் போகக்கூடாதாம்.

"ஆர் இது? நான் குளிக்கிறதையும் பாக்கப் போறாவோ?" என்றாள் றெஜினா.

"இலைக்குக் காவல்."

"நல்லதாப் போச்சு. வாக்க ஒரு பொம்பிளைதான் இல்லாமல் இருந்தது. வரச் சொல்லுங்கோ."

கூழ் காய்ச்சுகிற பெரிய பானையில் பாவட்டை மட்டும் கொதித்தது. அந்தப் பச்சைக் கசப்பு மணம் எழும்பியதும் றெஜினா அழுதுவிட்டாள். நான் பிள்ளையோடு பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே ஒருத்தி தமிழில், மற்றவள் இங்கிலீஷில்.

"மெல்ல ஊத்தணை... ஐயோ சூடு... ஆ, இப்ப சரி. இன்னும் ஊத்து, இன்னும்!"

பிறகு இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். மிஞ்சிய தண்ணீர் ஆறியதும் பிள்ளையின் காலை நனைத்தார்கள். பார்பரா தன் வெட்டுப்பட்ட விரல்களையும் அதில் வைத்தாள். போகும்போது அவித்த இலையைப் பிழிந்து, பொரித்ததில் எண்ணெய் வடிக்கிறதுபோல வடித்து, பையில் கட்டி எரிக்கக் கொண்டு போய்விட்டாள். சட்டம் சட்டம்தான்.

றெஜினாவின் அம்மா உயிரோடு இருக்கிற செய்தி நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு வந்தது. குளிர் முடிய, பாவட்டை அடியிலிருந்து துளிர்த்தது. பார்பரா என்னைக் கூப்பிட்டு முதல் இலையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். புள்ளி இருந்தது.

இப்போது செவன் கிங்ஸ் பக்கத்துத் தமிழ்க் கடையில் வேது இலை பைக்கற்றில் காய்ந்து கிடக்கிறது. பேத்தி பிறந்தபோது தாய் அன்றைக்கே ஷவரில் நின்றாள், ஒன்றும் ஆகவில்லை. போன கிழமை அந்தக் கண்ணாடி வீட்டுக்குப் போனேன். பாவட்டை என்னைவிட உயரம்.

தோமஸ் அண்ணை சட்டன் சவக்காலையில் அடக்கம். பார்பராவும் போய்விட்டாள். றெஜினா கண்மூடியது, போன தவக்காலத்துக்கு முந்திய தவக்காலத்தில்.

அந்தத் தண்ணீர் பட்ட மூன்று பேரில் ஒருத்திதான் இப்போது இருக்கிறாள். ஏன் பிள்ளை நிப்பாட்டினாய்? உன்ரை பேரையும் அடி... அமலி.