இறக்கையடியில் சந்தனம்

என் மேசைமேல் கட்டைவிரல் நீளத்தில் ஒரு விண்கப்பல் இருக்கிறது. வெள்ளீயத்தில் வார்த்தது. இரண்டு இறக்கைகளும் உடலோடு சேரும் இடத்தில் கொசு கடித்தாற்போல் வீங்கியிருக்கும். மூக்கு நுனியிலும் ஒரு வீக்கம் உண்டு. இதைவிட அழகான கப்பல்களையெல்லாம் பெட்டியில் போட்டுவிட்டு இதை மட்டும் கண்ணெதிரே வைத்திருப்பதற்குக் காரணம் என் பெரிய நாத்தனார்.

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக் கடையில் பில் போடும் வேலையை விட்டுவிட்டு, பலகை விளையாட்டுகளுக்குக் குட்டி விண்கப்பல் வடிவமைக்கக் கிளம்பியவள் நான். கணினியில் வரைந்து, முப்பரிமாண பிரிண்டரில் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை அச்சிட்டு, அதன்மேல் ரப்பரை ஊற்றி அச்செடுத்து, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையில் வெள்ளீயம் உருக்கி வார்ப்பேன். திரையில் கத்திபோல் மிரட்டும் இறக்கை, அச்சைப் பிரித்ததும் தனியாகக் கையோடு வந்துவிடும். பெங்களூரில் விளையாட்டுகள் தயாரிப்பவர், இந்தத் தடவையும் உடைந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மரியாதையாகவே சொல்லிவிட்டார். புடவைக் கடையில் என் நாற்காலி இன்னும் காலியாக இருப்பதைப் பார்க்கிறவர்களெல்லாம் எனக்கு ஞாபகப்படுத்தினார்கள். அந்த நாற்காலியை நினைத்தாலே எனக்கு முதுகு வலிக்கும்.

அந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் நாத்தனாரும் வந்தார். சந்தனக் கிண்ணத்தோடு அவர் ஒரு சுற்று வந்தால் வீட்டில் எந்தப் பொருளும் தப்பாது. மிக்ஸி, ஸ்கூட்டர், வைஃபை பெட்டி, மாமனாரின் ரத்த அழுத்தக் கருவி என எல்லாவற்றுக்கும் பொட்டு விழும். பூஜையில் வைத்திருந்த என் புது மாதிரியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா இது, நெத்திலி மாதிரி இருக்குது?"

விண்கப்பல் என்றேன். வண்டிதானே என்று தீர்மானித்து, ஸ்கூட்டருக்கு வைத்தது போலவே முன்னால் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று தாராளமாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் ஆரம்பி என்று அவரே துரத்தியதால், குங்குமத்தைத் துடைத்துவிட்டு அவசரமாக ரப்பரை ஊற்றினேன். என் பிளாஸ்டிக்கும் சந்தன நிறம்தான் என்பதால், அடியில் காய்ந்து ஒட்டியிருந்த சந்தனம் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

ரப்பர் எதையும் விட்டுவைக்காது. வார்த்த கப்பல் ஒவ்வொன்றும் பொட்டு வைத்துக்கொண்டு பூஜைக்குக் கிளம்பியதுபோல் வெளியே வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடனே அவருக்குப் போன் போட்டு, அண்ணி, என் பிழைப்பே போச்சு என்று பொரிந்து தள்ளினேன். அவர் பதறவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. ஒடஞ்சிச்சா, இல்லியா? அத்த சொல்லு மொதல்ல."

அப்போதுதான் பார்த்தேன். ஒன்றுகூட உடையவில்லை. ஆத்திரத்தில் ஒன்றைச் சிமெண்டுத் தரையில் போட்டேன். குதித்துப் போய்க் கதவோரம் முழுசாகக் கிடந்தது. கூரான மூலையில் உலோகம் ஆறிச் சுருங்கும்போது விரிசல் விடுகிறது, மூலையைக் கொஞ்சம் குழைத்து உருட்டிவிட்டால் தாங்கும். எத்தனையோ வீடியோக்களில் கேட்டுத் தலையாட்டிய பாடம் அன்றுதான் எனக்கு உறைத்தது. கணினியில் அந்த வீக்கத்தையே அழகான வளைவாக்கி, புதிதாக வார்த்து அனுப்பினேன். பெங்களூர்க்காரர், எந்த மென்பொருளில் கணக்குப் போட்டீர்கள் என்று கேட்டார். குடும்ப முறை என்றேன்.

புடவைக் கடை நாற்காலியில் இப்போது வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றும் ஒரு மூலையை உருட்டும்போது என் வாய் தானாக 'சந்தனம்' என்றுதான் சொல்கிறது.

இந்த வருடப் பூஜைக்கும் நாத்தனார் கிண்ணத்தோடு வந்தார். மிக்ஸிக்கு வைத்தார், பிரிண்டருக்கு வைத்தார். மேசைமேல் இருந்த அந்தப் பழைய கப்பலிடம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"இதுக்கு வாணாம்மா. அன்னிக்கி வெச்சதே இன்னும் அழியல."